அதே மாடலில் இன்னொன்று

பழைய வண்டிகள் விற்கும் மைதானத்தில் பச்சை நிற ஜீப் ஒன்று வெகுகாலமாக நின்றது. அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. வருகிறவர்கள் ஆசையாகத் தடவிப் பார்ப்பார்கள். "ஸ்பேர் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் சாதாரணக் காரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒருநாள் அதே மாடலில் ஒரு வெள்ளை ஜீப்பை லாரியில் கொண்டுவந்து பக்கத்தில் இறக்கினார்கள். அதன் முன்பக்கம் நசுங்கியிருந்தது.

"நம்ம ஆளு இன்னொருத்தரைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்ல" என்றது பச்சை.

"உனக்கும் மேடு ஏறும்போது முனகல் வருமா?" என்று கேட்டது வெள்ளை.

"வரும். எல்லாரும் அதைக் கோளாறுன்னாங்க."

"கோளாறு இல்ல. நம்ம குரலே அதுதான்."

அந்த வாரமே ஒருவர் மெக்கானிக்கோடு வந்தார். பச்சையை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் அதே கேள்வியைக் கேட்டார்.

மெக்கானிக் வெள்ளையைச் சுற்றிவந்து பார்த்தார். "ரெண்டையும் எடுத்துடுங்க சார். ஒண்ணு ஓட்ட, ஒண்ணு ஸ்பேருக்கு."

"ஒண்ணாவே போறோம்" என்று பூரித்தது பச்சை. வெள்ளை மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது பச்சைக்கு ஒரு கதவு வெள்ளை. மேடு ஏறும்போதெல்லாம் முனகிவிட்டு, அந்தக் கதவுப் பக்கம் காது கொடுத்துக் கேட்கிறது.