ஒரு மணி நேரம் நிறுத்துங்க

"இந்தச் சத்தத்துல நான் என்னத்தப் பேசறது, சொல்லு?"

லேப்டாப்பை டிரங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கனிமொழி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். ஆரணியில் அந்தத் தெரு முழுக்கப் பட்டுத்தறிதான். இடது பக்கம் டக் டக். வலது பக்கம் டக் டக். எதிர்வீட்டில் இரண்டு தறி.

நெசவாளர் வீடுகளின் வேலை நேரம் பற்றி ஆராய்ச்சி செய்ய அவள் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் ஆன்லைனில் நேர்காணல். போன வருடமும் இதே அறை, இதே சத்தம். "நீங்கள் பேசுவது எதுவுமே கேட்கவில்லை" என்று பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

"பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாம்ல?" என்றாள் தங்கை இனியா. ப்ளஸ் டூ படிக்கிறவள்.

"அங்க ஆதாருக்கு நிக்கிற கூட்டத்தப் பாத்தியா? கொழந்தைங்க கத்தற கத்துக்கு இதுவே தேவல."

"அதான் அப்பா கேக்கப் போயிருக்காரே. ஒரு மணி நேரம்தானே, நிறுத்துவாங்க."

"நேத்தும்தான் வீடு வீடாப் போனாரு. சின்னக்கண்ணு மாமா என்ன கேட்டாரு தெரியுமா? 'உம் பொண்ணு டிவி பொட்டியில பேசறதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா குமரேசா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. முகூர்த்த ஆர்டர் கழுத்தப் புடிக்குது, எவன்டி நிறுத்துவான்?"

இனியா ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். சத்தம் குறையவில்லை.

"இந்த வாட்டியும் போச்சுன்னா அவ்ளோதான். பணம் வரலன்னா ஆராய்ச்சிய விட்டுடும்மான்னு கைடே சொல்லிட்டாரு. நான் ஜவுளிக்கடையில பில்லு போடப் போறேன். நீ..."

"நான் தறியில அப்பாவுக்கு எதிர்ல உக்காந்து பொடவைக்குக் கரை போடப் போறேன். தெரியும்க்கா. ஒனக்கே காலேஜு வேலைக்காவலன்னா எனக்கு எதுக்குன்னு அம்மா அன்னிக்கே சொல்லிடுச்சு."

அதை அவள் சும்மா சொல்வதுபோல் சொன்னது கனிமொழிக்கு அழுகையை வரவழைத்தது.

"நீ ஜல்தியா போயி அப்பாவக் கூட்டுகினு வா. கெஞ்சனது போதும். எப்டியும் தோக்கத்தான் போறேன். அவரு ஏன் ஊரு பூரா அசிங்கப்படணும்?"

இனியா ஓடினாள்.

கனிமொழி தலையை வாரிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அப்போதுதான் கவனித்தாள். தெருக்கோடியில் ஒரு தறி நின்றது. அதன் பக்கத்து வீட்டிலும் நின்றது. பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கடைசியாக எதிர்வீட்டு இரண்டு தறிகளும் அடங்கின. மின்விசிறி சுற்றுகிற ஓசை அவளுக்குக் கேட்டது. அந்த வீட்டில் பகலில் அது கேட்டதே இல்லை.

இனியா உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

"அடியே, அப்பா சாதிச்சிட்டாருடி! சின்னக்கண்ணு மாமாவுமா நிறுத்திட்டாரு?"

"அவருதான் மொதல்ல நிறுத்தனாரு."

"அந்தக் கஞ்சனா! அப்பா எங்க?"

"மாமா வீட்டாண்டதான். அம்மாவும் அங்கதான் இருக்குது."

"ஏன்டி இப்டி நடுங்கற?"

"பயமா இருக்குதுக்கா."

"எதுக்கு?"

"இனிமே நம்ம என்னா ஆவப் போறோம்னு... ரொம்ப பயமா இருக்குது. நீ நல்லாப் பேசிடு. இப்ப எங்கிட்ட ஒண்ணும் கேக்காத."

"பேசறேன்டி. இவ்ளோ செஞ்சிருக்காரு, பேசாம இருப்பனா?"

திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஒரு பேராசிரியை, ஒரு பெரியவர். தமிழிலேயே பேசலாம் என்றார்கள். இனியா கேமராவில் படாமல் அக்காவின் காலருகே வந்து உட்கார்ந்து, அவள் புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பெரியவர்தான் கேட்டார். "இதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? சொந்த வீடு, சொந்தத் தறி. வேணும்னா நெய்யறாங்க, வேணாம்னா நிறுத்தறாங்க. இவங்களுக்கு மேல முதலாளியா நிக்கிறான்?"

போன வருடம் இந்தக் கேள்வி வரைக்கும்கூட அவள் வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்த முடியாது சார். அதுதான் என் ஆராய்ச்சியே. பொடவைய முடிச்சுக் குடுத்தாத்தான் கூலி. காய்ச்சல்னாலும் தறி ஓடும். எதிர்வீட்டுல கல்யாணம்னாலும், தாலி கட்டற நேரம் போயிட்டு வந்து மறுபடியும் தறிக்குழியில எறங்கிடுவாங்க. நேத்து எங்கப்பா எனக்காக, ஒரு மணி நேரம் நிறுத்துங்கன்னு ஒவ்வொரு வாசலா நின்னு கேட்டாரு. ஒருத்தரும் ஒத்துக்கல."

"ஆனா இப்ப சத்தமே இல்லையே?" என்று பேராசிரியை சிரித்தார். "அப்போ எப்பதான் நிறுத்துவாங்க?"

"தெருவே ஒண்ணா நிறுத்தறதுன்னா மேடம், அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். தெருவுல யாராவது..."

கனிமொழியின் பேச்சு பாதியில் நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயும் ஒரு தறிகூட ஓடவில்லை. அவள் மெல்லக் குனிந்து தங்கையைப் பார்த்தாள். இனியா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் பெரியவர். "இந்தத் தடவை உங்க குரல் ரொம்பத் தெளிவா கேக்குது."

"நிறுத்தாதக்கா, பேசு," இனியா கிசுகிசுத்தாள். "நீ முடிச்சப்புறம்தான் அப்பாவுக்கு அழணும்னு, அம்மா அங்க வாயப் பொத்திகினு உக்காந்துகினு இருக்குது."