சுலைஹா சொன்ன பதில்

2009 மே மாதத்து மாலை. யுத்தம் முடிந்துவிட்டதென்று கல்முனைத் தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆஸ்பத்திரி வார்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சுலைஹா ஒக்சிஜன் முகமூடியை நாடிக்கு இறக்கிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி, முந்தாநாள் அவளைக் கொல்லப் பார்த்தது. ஊசி போட்ட இடமெல்லாம் வயிறு நீலம் பாரித்திருக்கிறது. அவளுடைய வீங்கிய காலின் மேல் கணவர் உவைஸ் போர்வையைச் சரிசெய்கிறார். நான்கரை வருடமாகக் கடற்கரைப் பக்கமே போகாத மனிதர். சுனாமியில் அவர் கையிலிருந்துதான் ஏழு வயது மகள் நுஸ்ரா நழுவிப் போனாள்.

"மூச்சு நிண்டப்போ எப்பிடிகா இருந்திச்சி?" குனிந்தபடியே கேட்கிறார். "கனக்க நொந்திச்சா?"

அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிகிறது. முந்தாநாள், நெஞ்சில் கத்தி இறங்கியதைப் போன்ற வலியில், வாயைத் திறந்து திறந்தும் காற்றுக் கிடைக்காமல், அவள் சுவரைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்த விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

"இல்லங்க. ஒண்டுமே தெரியல்ல. நித்திரை வந்த மாதிரித்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்கிறார் உவைஸ். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்.