நெட்டைப் பெட்டியின் அளவு

துறைமுகத்தின் ஒரு மூலையில் துருப்பிடித்த இருபதடிக் கன்டெய்னர் ஒன்று ஏழு மாதமாகக் கிடந்தது. அன்று காலைதான் அதற்குள் கல்பலகைகளை அடுக்கினார்கள். இந்தக் கப்பலிலும் இடம் கிடைக்காவிட்டால் வயிற்றில் ஜன்னல் வெட்டி டீக்கடை ஆக்கிவிடுவார்களோ என்று அதற்கு உள்ளூர உதறல். டீக்கடை ஒன்றும் கேவலமில்லைதான். ஆனால் கடல் பார்த்த பெட்டிக்கு அது ஒரு பிழைப்பா?

பக்கத்தில் புத்தம் புதிய நாற்பதடிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

"கப்பல்ல எத்தனை பெட்டிக்கு இடமாம்?" என்று குட்டை கேட்டது.

"ஆயிரம். கப்பல் கணக்குல நான் மட்டுமே ரெண்டு," என்றது நெட்டை. "உன்னை எத்தனைன்னு எழுதுவாங்க?"

"ஒண்ணு." குட்டை நெட்டையை ஏற இறங்கப் பார்த்தது. "ரெண்டுன்னா, எது ரெண்டு?"

"ரெண்டுன்னா ரெண்டு! ஒத்தைப் பெட்டிக்கு எதுக்கு இத்தனை கேள்வி?"

கிரேன் வந்தது. நெட்டையைத் தாண்டிப்போய்க் குட்டையைத் தூக்கியது.

"ஏய், என்னை விட்டுட்டுப் போறியே!" என்று நெட்டை கத்தியது.

"பொறு. நீ உக்கார இடம் போட்டுட்டு வரேன்," என்றது கிரேன்.

கப்பல் தளத்தில் குட்டையை வைத்தது. அதை ஒட்டி இன்னொரு இருபதடிப் பெட்டியை வைத்தது. இரண்டின் மேலும் நெட்டையை இறக்கியது. நுனிக்கு நுனி கச்சிதமாகப் பொருந்தியது.

கப்பல் கிளம்பியது. முதல் அலை மோதியதுமே நெட்டை அலறியது. "கீழே யாரு? கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

"பயப்படாதே," என்றது குட்டை, முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரை ருசித்தபடி. "நீ சொன்ன அந்த ரெண்டும் நாங்கதான்."