பழைய காந்தக் குச்சி

தலைவர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார், எதிரே பேராசிரியை, கதவருகே, கடிதங்கள் எழுதும் நான். கரிம வேதியியலில் இந்த ஆண்டின் சிறந்த ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். கடைசியாக வந்தது, உலோகமே சேர்க்காமல் நடக்கும் ஒரு புது வினை.

“இதுக்குத்தான் முதலிடம்,” என்றார் தலைவர்.

“கூடவே கூடாது சார். குடுவையில கலக்கிவிடச் சுத்துற காந்தக் குச்சி பழசு. அதுல முன்னாடி செஞ்ச சோதனைகள்ல ஒட்டியிருந்த உலோகம்தான் எல்லா வேலையும் பண்ணியிருக்கு. புதுக் குச்சி போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே நடக்கலை,” என்றார் பேராசிரியை.

“பாவம்மா, வருஷக்கணக்கா உழைச்ச மனுஷன்.”

“உழைச்சவர் ஒரு குச்சியை மாத்தியிருக்கலாமே!”

தலைவர் பெருமூச்சுவிட்டு அந்த ஆய்வைத் தள்ளினார். நான் நிராகரிப்புக் கடிதம் எழுதி நீட்ட, பேராசிரியை கையெழுத்திட்டார்.

“தபால் எதுக்கும்மா? சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடலாமே?” என்றேன்.

“சொல்லாமலா இருக்கேன்? தினமும் சாப்பாட்டு மேஜையில சொல்றேன், இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறார். ஆபீஸ் கடிதம்னாதான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பார். பதிவுத் தபால்லயே அனுப்புங்க, வரலைன்னு சாதிக்க முடியாது!”

உறையை ஒட்டி, பதிவுத் தபாலிலேயே அனுப்பிவைத்தேன்.