சோப்பு டப்பா பவர் சப்ளை

"அண்ணே, இந்தச் செங்கல்லைத் தூக்கிக் கடாசுனாத்தான் நான் நிம்மதியா சீரியல் பாக்க முடியும். கொய்ய்ய்ங்னு சுவத்தைத் தாண்டி வருது, ஒரே பேஜாரு!"

பக்கத்து வீட்டு அம்சா கேட்காமலே உள்ளே வந்து, கேட்காமலே நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டாள். அவள் செங்கல் என்றது, மாசிலாமணியின் பழைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை. கம்ப்யூட்டர் என்னவோ வெறும் கீபோர்டு அளவுதான். டிவியில் மாட்டினால் ஓடும், இருபது வருஷத்துச் சரக்கு. பெட்டிதான் தூக்கினால் கை வலிக்கும், தொட்டால் சுடும்.

"அதுக்குத்தாம்மா புதுசு பண்ணிக்கினு இருக்கேன்." டெலிபோன் ஆபீஸில் ரிட்டயரான மாசிலாமணி சாலிடரிங் புகையிலிருந்து தலை நிமிர்ந்தார். "கையடக்கமா, சூடே ஆகாம. போட்டு மூடத்தான் டப்பா கெடைக்கல."

அம்சா ஓடிப்போய்த் தன் வீட்டு சோப்பு டப்பாவைக் கழுவி எடுத்து வந்தாள்.

"அண்ணி என்னா சொல்றாங்க?"

"பழசே இருக்கட்டும்ங்கறா. சூடு என் காலுக்கு ஆகாதுன்னு, நீள ஒயரு போட்டு சமையல்கட்டுல தள்ளி வெச்சதே அவதான். பொழுது சாஞ்சா, 'போயி கம்ப்யூட்டர்ல விளையாடுங்க'ன்னு தொரத்துறா."

அம்சாவுக்கு மூக்கு வேர்த்தது. திண்டிவனம் பூராவும் சல்லடை போட்டாலும் புருஷனை விளையாடத் துரத்துகிற பொண்டாட்டி கிடைப்பாளா? இவர் பேச்சைக் கேட்க முடியாமல்தான் என்று தீர்ப்பு எழுதி, தெருவில் நாலு வீட்டுக்கு அன்றே விநியோகமும் செய்தாள்.

"அண்ணிகிட்ட ஞாயித்துக்கிழமை மாவு மட்டும் மறந்துடப் போவுதுன்னு சொல்லுங்க. மயிலத்துலருந்து என் ஷாலினிய பொண்ணு பாக்க வர்றாங்க. கிளியனூர்ப் பொண்ண இட்லி கல்லா இருந்துச்சுன்னே வேணாம்னாங்களாம் அந்தப் பையனோட அம்மா! அண்ணி கைராசிதான் காப்பாத்தணும்."

மாசிலாமணியின் மனைவி பரிமளா அரைக்கும் இட்லி மாவுக்குத் தெருவே வாடிக்கை.

சனிக்கிழமை பரிமளா காதுகுத்துக்கு விழுப்புரம் போயிருந்தாள். சோப்பு டப்பா தயார். மாசிலாமணி மீட்டர் வைத்துப் பார்த்தார், சாமியை வேண்டிக்கொண்டு செருகினார். டிவி பளிச்சென்று நீலமானது. சத்தமில்லை, சூடில்லை.

"அண்ணே, நீங்க வெளிநாட்ல பொறந்திருக்கணும்!"

வாசலில் காயலான்கடை வண்டிக்காரன் குரல் கேட்டது. மாசிலாமணி வாயைத் திறப்பதற்குள் பழைய பெட்டி ஜல்தியாக வண்டி ஏறியது. பதிலுக்குக் கிடைத்த பிளாஸ்டிக் மக், அம்சா வீட்டுக் குளியலறைக்குப் போனது.

சாயங்காலம் பரிமளா திரும்பி வந்து, அம்சாவுக்காகவே மாவு அரைத்து, தை மாசப் பனியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு குண்டானோடு சமையல்கட்டு மூலைக்குப் போனாள்.

"என்னாங்க, இங்க இருந்த பெட்டி எங்க?"

பின்னாலேயே வந்திருந்த அம்சா பாராட்டு வாங்க முந்திக்கொண்டாள். "நாந்தான் அண்ணி, காயலான்கடையில தள்ளிட்டேன்!"

பரிமளா குண்டானைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"கைராசியாவது மண்ணாங்கட்டியாவது... இந்தப் பனியில என் மாவு அந்தப் பெட்டி மேல உக்காந்துதான்டி பொங்கும்! போ, நாளைக்கு உப்புமாவுக்கு ரவையை வறு."