தரைத் தகட்டுக்குக் கீழே

பென்சிலின் கூர்முனை படகின் அடிப்பக்கத்தில் சுலபமாக நுழைந்து உள்ளே போயிற்று. டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மாமனார் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே தவழ்ந்து வந்து மகளிடம் திரும்பினார்.

"பாத்தியாம்மா? யாரோ துளை போட்ட மாதிரியே இருக்கு. எல்லாம் உன் வீட்டுக்காரர் பண்ண வேலை."

வீட்டுக்காரர் மூன்றடி தள்ளி, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அவர் 'மாப்பிள்ளை'. கழிமுகத்தின் நடுவில் இந்த அலுமினியப் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறி, அவரும் மனைவியும் வாளியால் இறைத்து இறைத்து நாலு வயதுக் குழந்தையோடு கரை சேர்ந்த அன்றே அந்தப் பட்டம் பறிபோய்விட்டது.

"பச்சைக் குழந்தைய வச்சிக்கிட்டு இப்படியா? நான் பண்ணியிருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பேன்!" என்று அன்று மாமனார் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. மகளையும் பேத்தியையும் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்.

இன்று அவர்களை அழைத்துப் போக மருமகன் வந்திருந்தார். படகையும் டிரெய்லரோடு இழுத்து வரச் சொல்லியிருந்தார் மாமனார். வெல்டிங்காரர் பார்க்கட்டும், தப்பு மருமகன் மேல் என்றால் மகள் போகக் கூடாது. மகள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அது வண்டியில் ஏறுமா, திரும்ப உள்ளே போகுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கடைசியா நான் கழுவி ஆறு மாசம் ஆச்சு. அன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றார் மாமனார்.

பொய்யில்லை. படகைக் கழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உப்புத் தண்ணீரில் போய் வந்ததும் தண்ணீர் வடியப் பின்பக்கத்து அடைப்பைத் திருகி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்ப்பார். தரைத் தகட்டின் இடுக்கில் சோப்பு நுரையோடு முழங்கை வரை கையை விட்டு மண்ணை வழித்து எடுப்பார். யாராவது கம்பி பிரஷ்ஷை எடுத்தால் போதும், பாம்பைக் கண்டவர்போல் குதிப்பார்.

இப்போது அதெல்லாம் முடிவதில்லை. இடது மணிக்கட்டில் வலி. வலிக்கென்று வருஷக்கணக்காகப் போட்டிருந்த காப்பும் எங்கேயோ நழுவிப் போய்விட்டது. குளியலறைச் சாக்கடையைக்கூடக் கிளறிப் பார்த்தாயிற்று. கோபம் வந்தால் அந்த இடத்தைத் தேய்ப்பது அவர் வழக்கம். இன்று காலையிலிருந்து தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வெல்டிங்காரர் வந்தார். படகுக்குள் ஏறி, தரைத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார்.

"திருகெல்லாம் லேசா வருதே சார். சமீபத்துல யாரோ கழட்டியிருக்காங்க."

மாமனார் மகளைப் பார்த்து, 'கேட்டுக்கோ' என்பதுபோல் தலையாட்டினார்.

வெல்டிங்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தும் பார்த்தார். "துளை போட்டதில்ல. பாறையில இடிச்சதும் இல்ல. இங்க ஏதோ செம்புச் சாமான் மாசக்கணக்கா கிடந்திருக்கு. உப்புத் தண்ணியில செம்பும் அலுமினியமும் ஒண்ணா இருந்தா, அலுமினியம் அரிச்சுப் போயிடும். இந்தப் பச்சைக் கறையப் பாருங்க."

"என்ன சாமான்?"

"அது எனக்கெப்படித் தெரியும் சார்? இப்ப இங்க ஒண்ணும் இல்லையே."

மருமகன் குழாயை மூடினார். "ஒயர் துண்டு மாமா. விளக்கு மாத்துறப்போ உள்ள விழுந்துடுச்சு. எடுக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். அன்னிக்குத் தண்ணி ஏறினப்புறம்தான் கழட்டி எடுத்தேன்."

இரண்டு வாரமாகக் கணவனுக்காக மகள் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே வார்த்தையில் வீணாகிவிட்டது.

"யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிச்சு பாத்தியா?" என்றார் மாமனார். "போம்மா. கார்ல குழந்தை சாமான் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வா. பெட்டி உள்ள போகட்டும்."

"குழந்தை என் கழுத்தக் கட்டிக்கிட்டு அலறினாளே..." மகள் கணவனிடம் திரும்பினாள். "உங்க தப்புன்னு தெரிஞ்சும் ரெண்டு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே?"

அவள் விறுவிறுவென்று காருக்குப் போய், முன்சீட்டுக்கு எதிரே இருந்த டப்பாவைத் திறந்தாள்.

"இரு, இரு! நான் எடுத்துத் தரேன்!" மருமகன் குழாயைப் போட்டுவிட்டு ஓடினார்.

அதற்குள் குழந்தையின் தொப்பியோடு, கந்தல் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றும் அவள் கைக்கு வந்துவிட்டது. பிரித்தாள். ஒயர் இல்லை. பச்சை பூத்துப்போன, கனத்த செப்பு வளையம்.

"வேணாம்மா" என்றார் மருமகன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ஒயர்னே இருந்துட்டுப் போகட்டும். அவரு தாங்க மாட்டாரு."

அவள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் நடந்து வந்தாள். அவர் இன்னும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னம்மா அது? அந்த ஒயரா?"

"அப்பா, இடது கையக் கொஞ்சம் நீட்டுங்க."