நீலத் தோல்

காலை ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கதிரேசன் குளிக்கப் போயிருந்தான். வடிவாம்பாளுக்கான டம்ளர் மேசையில் நிறைந்து நின்றது. பீட்ரூட், கேரட், ஆப்பிள், கொஞ்சம் இஞ்சி. ஒரு மாதமாக அவன்தான் அரைத்துக் கொடுக்கிறான். பக்கத்து வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தாள் அவள்.

பிள்ளைக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று மிக்ஸி ஜாரைக் கழுவ எடுத்தாள். மூடியைக் குழாயடியில் காட்டுவதோடு சரி, அவன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்பூன் காம்பால் அதை நெம்பினாள். சிவந்த சக்கைக்குள் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மாத்திரையின் மேல்தோல்.

அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். அதைப் போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிகிறேன், பேச வந்தது மறந்துபோகிறது என்று டாக்டர் முன்னால் அழுதிருக்கிறாள். "அம்மாவுக்கு வேண்டாம்னா விட்டுடலாம் டாக்டர்" என்று சொன்னவன் கதிரேசன். அன்று ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் அவன் கையை விடவில்லை. கொஞ்ச நாளாக மறுபடியும் தூக்கம் அழுத்தியது. வயசுதான் என்று நினைத்திருந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவன் வந்தான்.

"இன்னும் குடிக்கலையாம்மா? அடியில தங்கிடும், நல்லா கலக்கிக் குடி."

அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ குடிச்சுக் காட்டு, கண்ணு."